பூட்டிய ஃபோல்டரில் அம்மா

அம்மா இறந்த பன்னிரண்டாம் நாள், கருமாதிக்கு மாலை போட்டு வைக்க வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. நாங்களேதான் அப்படிச் செய்து வைத்திருந்தோம்.

அதற்கு நான்கு வருஷத்துக்கு முன் அக்கா வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு குமுளிக்குப் போய்விட்டாள். சின்னமனூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். அப்பா எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுக வைத்தார். அன்றிலிருந்து அவள் செத்தவள் என்று கணக்கு. வீடு திரும்பியதும் அவள் இருந்த போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டார். அம்மா தனியாகப் படத்துக்கு நிற்கிற ஆளே இல்லை. எந்தப் படத்திலும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். ஆகவே அவளும் சேர்ந்து எரிந்தாள். மிச்சமிருந்த கல்யாணப் படத்தைச் செல் அரித்திருந்தது.

கம்ப்யூட்டரையும் நாங்கள் விடவில்லை. பட்டனைத் தட்டியதும் திரையில் அக்கா பெயரும் என் பெயரும் வரும். "அந்தப் பேரு இந்த வீட்டுல எங்கனயும் இருக்கப்படாது" என்றார் அப்பா. வீட்டில் படித்தவன் நான்தானே! விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு அவள் பெயரை ஒழித்தேன். அப்பாவுக்குத் திருப்தி, எனக்குப் பெருமை வேறு.

டி டிரைவில் அவளுடைய ஃபோல்டர் மட்டும் அப்படியே கிடந்தது. முதல் சம்பளத்தில் கேமரா வாங்கி, அம்மா கோழிக்குத் தீனி போடுவதையும் தலை சீவுவதையும் எடுத்துத் தள்ளியிருந்தாள். அந்தக் கேமராவும் பிறகு கிணற்றுக்குள் போனது. அந்த ஃபோல்டரில் அவள் எழுதி வைத்த கடிதங்களை நான் நோண்டிப் படித்து அப்பாவிடம் வத்தி வைத்தேன். அதனால்தான் ஃபோல்டரைப் பூட்டினாள்.

"அந்தப் பொட்டிக்குள்ள அவ எடுத்த படம் கெடக்கும்ல? எடுறா" என்றார் அப்பா. நான்கு வருஷத்தில் அக்காவைப் பற்றி அவராகப் பேச்செடுத்தது அந்த ஒரு தடவைதான்.

கம்ப்யூட்டர் பெட்டி எப்போதோ புகைந்து போயிருந்தது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி, அல்லிநகரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஃபைல் பெயர்கள் பச்சை எழுத்தில் வரிசையாக வந்தன. அம்மா சிரிப்பு, அம்மா கோபம், அம்மா புதுச்சேலை. எதைத் தட்டினாலும் அனுமதி இல்லை என்றது.

"பாஸ்வேர்டு தெரியுமாண்ணே?"

தெரிந்தவள் ஒருத்திதான். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவரிடம் அவள் நம்பரை வாங்கி, கடை வாசலில் நின்றே கூப்பிட்டேன்.

"ஏலே, நீயா?" அக்கா குரலில் அப்படியொரு சந்தோஷம். "அம்மா பேசச் சொன்னுச்சா?"

"ஒன் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு வேணும். அம்மா படம் ஒண்ணு எடுக்கணும்."

"அதுக்கு எதுக்குடா பாஸ்வேர்டு? அம்மாவ உக்கார வச்சு ஒண்ணு எடுக்க வேண்டியதுதான?"

அவளுக்குச் சொல்லவில்லை என்பதையே நான் மறந்திருந்தேன். சாவு வீட்டில் யாரோ குமுளிக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார்கள். "செத்தவளுக்கு எதுக்குச் சாவுச் சேதி?" என்றார் அப்பா. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

"அம்மா போயி பன்னெண்டு நாளாச்சுக்கா" என்றேன்.

 அவள் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைக்காரர் எதை எதையோ தட்டிப் பார்த்தார். "இதுல அவுக பேருல இருந்த யூசர் எங்கண்ணே?" என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பூட்டோட சாவி அதுக்குள்ளதாண்ணே இருந்துச்சு. பேர அழிச்சப்பவே சாவியும் போச்சு. இனி அவுகளே வந்து உக்காந்தாலும் தொறக்காது."

வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். திருடிப் பிடிபட்டவள் மாதிரி அம்மா அதில் முழித்தாள். அப்பா அதை ஏறிட்டுப் பார்க்காமலே மாலை போட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த அருவருப்புதான் அதிகம்.

கருமாதிக்கு மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, படம் தொறந்துச்சா? எனக்கு ஒண்ணே ஒண்ணு அனுப்புடா. நான் அங்கன வரல, வேற எதுவும் கேக்கல. கட்டுன சேலையோட வந்தவடா, எங்கிட்ட அம்மா படம் ஒண்ணுமே இல்ல."

திறக்கவில்லை, அவள் பெயரை அழித்தபோதே படங்களும் போய்விட்டன என்று உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"அப்பா குடுக்க வேணாம்னு சொன்னாகளா?" என்று கேட்டாள்.

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.

"சரிடா. அவுகளுக்குத் தெரியாம என்னைக்காச்சும் அனுப்பு" என்றாள்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுகிறாள். அப்பா பக்கத்தில் இல்லையே என்று விசாரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அதையே கேட்கிறாள்.