மதினியின் கராத்தேக்காரர்

அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர், அவர் பக்கத்தில் கங்காணி, பின்னால் சாக்குகளின் மேல் படுத்திருந்த மதினி, அவர் தலையை மடியில் தாங்கிய நான். மதினி என் அண்ணனின் மனைவி. குளவி கொட்டி முகமும் கழுத்தும் வீங்கி, கண்கள் இரண்டு கோடுகளாகியிருந்தன. பதுளை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தூங்க விடாதே, பேச்சுக் கொடு என்று கங்காணி திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பேச்சுக் கொடுப்பது மதினியின் வேலை, என்னுடையதல்ல. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் கொழுந்து பறிக்கக் கூடை எடுத்த நாளிலிருந்து எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நிரை. எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். மழை பிடித்தால் மலை சரியுமோ, அண்ணன் வரப் பிந்தினால் பஸ் கவிழ்ந்ததோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மதினி ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தார். எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. யாரோ வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில் லயத்து வீட்டுச் சனமே கூடிப் பார்த்த சண்டைப் படத்தின் கதாநாயகன். பெயர் வாயில் நுழையாததால் அவர் கராத்தேக்காரர்.

"தெமோதரையில ரயிலு ஏன் மலையச் சுத்திப் போகுது தெரியுமா? நேர் வழியில கராத்தேக்காரரு படுத்துத் தூங்குனாரு. எழுப்ப யாருக்குடி தைரியம்?" அட்டை கடிக்கிறதென்று நான் காலை உதறினால், "அவரு காலுல ஏறுன அட்டை தன் ரத்தத்தக் குடுத்துட்டு எறங்கிருச்சாம்" என்பார். கராத்தேக்காரர் கொழுந்து நிறுக்கப் போனால் தராசு தானாகவே இரண்டு கிலோ கூட்டிக் காட்டுமாம். கணக்கப்பிள்ளை மூச்சு விடமாட்டாராம். எல்லாரும் சிரிப்பார்கள். பயந்தவாக்கில் நானும் சிரித்துவிடுவேன்.

அன்று காலை மரத்தில் குளவிக் கூட்டைப் பார்த்தவள் நான்தான். "இந்த நிரைக்கு வேணாம் மதினி" என்று கெஞ்சினேன்.

"நேத்து பாம்புன்ன. முந்தாநாளு பாறை உருளும்ன. கராத்தேக்காரரக் கண்டா குளவி காலையில பெரட்டுக்கு வந்த ஆளுங்க மாதிரி வரிசையா நின்னு பேரு குடுக்கும். வாடி பயந்தாங்கொள்ளி."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குளவி கலைந்தபோது நான் ஓடாமல் உறைந்து நின்றுவிட்டேன். மதினி என்னைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளி, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என்மேல் போர்த்தினார். அவர்மேல் போர்த்த ஒன்றுமில்லை.

லாரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு குழறினார். "சொல்லுடி... குளவி கொட்டுனா கராத்தேக்காரரு என்ன செய்வாரு?"

ஒரு பொய் போதும். நாள் முழுக்க இல்லாததையெல்லாம் நினைத்துப் பயப்படுகிற எனக்கு, இல்லாத நல்லது ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. "தூங்கிராதீங்க மதினி, செத்துப் போயிருவீங்க" என்றுதான் வந்தது. அவர் முகத்தில் பயத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது என்னிடமிருந்து அவருக்குப் போனது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்பே அவர் பிடி தளர்ந்துவிட்டது.

கடைசியில் என்ன சொன்னாள் என்று அண்ணன் கேட்டான். "கராத்தேக்காரரு கதைதான் சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே போனாங்க" என்றேன். அவன் நம்பினான். தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தான். அவர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று தலை சீவிவிடும்போது சின்னவள் கேட்கிறாள்: "அம்மாவக் கொட்டப் பயந்து பாதிக் குளவி திரும்பிப் போயிருச்சாமே அத்தை, நெசந்தானே?"

"ஆமா சாமி" என்கிறேன். "நான் பக்கத்துலதான இருந்தேன்."