பெருக்கல் குறி போட்ட இடம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் பெருக்கல் குறி இருந்தால் அங்கேதான் துளை போட வேண்டும் என்று நினைத்தவன் நான்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையைக் கையைக் கடிக்காமல் புதுப்பிக்கத் திட்டமிட்டோம். ஈப்போவில் மச்சான் கழற்றிப்போட்ட கேபினட் இலவசம். கூலியாள் நான். என் மனைவி மேரி சுவரை அளந்து, பென்சிலால் வட்டங்களும் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்தாள்.

பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே இருந்த பெருக்கல் குறியில் பேட்டரி டிரில்லை வைத்து அழுத்தினேன். வியர்வை கொட்டியது, உழைப்பு என்று பெருமைப்பட்டேன். சிமெண்டுத் தூளோடு செப்புத் துணுக்கும் வந்தது.

மேரி ஓடி வந்தாள். "ஐயோ, வட்டத்துலதான் துளை போடணும்! இங்க உள்ள வயர் போகுது, தொடாதீங்கன்னுதானே பெருக்கல் போட்டேன்!"

"அப்ப எனக்கு ஏன் ஷாக் அடிக்கல?"

"மெயின் சுவிட்ச அடைச்சிட்டேன்லா."

அண்ணாந்து பார்த்தேன். கரண்ட் இல்லாமல் மின்விசிறி நின்றிருந்தது. என் வியர்வைக்குக் காரணம் உழைப்பல்ல.

இப்போதெல்லாம் மெயினை நானே அடைத்த பிறகுதான் டிரில்லைத் தொடுகிறேன். சுவரிலும் குறிக்குப் பதில் 'தொடாதே' என்று எழுத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் புரியாமல் அன்றே கேட்டேன். "அதான் குறி போட்டுட்டியே, அப்புறம் ஏன் மெயினையும் அடைச்ச?"

"துளை போடப் போறது நீங்கதான்லா."