நைனாவின் பிறந்தநாளுக்கு வந்த மாலை

இங்கே ஜெர்மனியில் ஒரு வீட்டின் தபால் பெட்டியில் நாலு பலூன் கட்டியிருந்தால், பின்பக்கம் கார்டன்ஃபெஸ்ட், அதாவது தோட்டத்தில் கோடை விருந்து என்று அர்த்தம். நம் ஊர் மார்கழி வெயில் அளவுக்குக்கூடச் சுடாது. அதற்கே அரைக்கால் சட்டையோடு புல்லில் விழுந்து கிடப்பார்கள். அழைப்பிலேயே 'மூன்று முதல் ஆறு வரை' என்று போட்டிருக்கும். முதல் வருடம் பக்கத்து வீட்டம்மாவிடம், "என்ன கொண்டுவரட்டும்?" என்று மரியாதைக்குக் கேட்டேன். "உங்களுக்கு வேண்டிய இறைச்சி" என்றார். நானே கொண்டுபோய், நானே சுட்டு, நானே தின்றுவிட்டு ஆறு மணிக்கு வெளியே வந்ததற்குப் பெயர் விருந்து. பலூன்கள் மட்டும் வெறும் வெள்ளையாக, மருத்துவமனைக் களையோடு ஆடிக்கொண்டிருந்தன. பதினொரு வருடம் கரித்துக்கொட்டிய அந்த வெள்ளை எனக்கு எப்போது நாகரிகமாகத் தெரிய ஆரம்பித்தது என்று தெரியவில்லை. என்னைப் போல் வெளிநாட்டில் குப்பை கொட்டுபவர்களுக்கு இது புரியும்.

போன மே மாதம் நைனாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கும்மிடிப்பூண்டி போனேன். இரும்பு உருக்கும் கம்பெனியில் முப்பது வருடம் உலை முன்னால் நின்றவர் என் அப்பா. அம்மா போன பிறகு என் தம்பி வீட்டில் இருக்கிறார். என்னோடு ஜெர்மனி வர அவரிடம் ஒரு 'சரி' வாங்காமல் திரும்பக் கூடாது என்பதுதான் என் திட்டம். தம்பி ஏசி மண்டபம் பார்த்து வைத்திருந்தான். ஜிகினா, ஃப்ளெக்ஸ், தங்க நிறத்தில் ஆளுயர எழுபது. அதெல்லாம் வேண்டாம், வீட்டு வாசலில், திறந்த வெளியில், வெள்ளை பலூன் மட்டும் என்றேன். பலூன் கட்ட வந்த தேவி தலையைச் சொறிந்தாள்.

"வெறும் வெள்ளையா? பேஜாரா கீதுண்ணா. ரெண்டு செவப்பாவது சொருவறேன்."

"உங்களுக்கெல்லாம் ரசனையே வராது" என்று சொன்னேன். எழுதும்போதும் வாய் கூசுகிறது.

மாலை நாலு மணி. வாசலில் ஷாமியானா, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், கேட்டில் வெள்ளை வளைவு. அக்னி நட்சத்திர வெயில் ரப்பரைச் சும்மா விடுமா? பலூன்கள் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தன. சாவு ஊர்வலத்துக்கு வெடி போடுகிற தெரு அது. இதையெல்லாம் கூட்டிப் பார்க்க ஜெர்மன்காரனுக்குத் தெரியாது, சரி. அந்த ஊரிலேயே பிறந்த எனக்கும் தெரியாமல் போயிற்றே.

நைனாவோடு வேலை பார்த்த முனுசாமி ரோஜா மாலையோடு வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். "நேத்துகூட டீக்கடையில பேசிக்கினு இருந்தானே எத்திராஜு!" என்று நைனாவின் பெயரைச் சொல்லி அழுதபடி, துக்க வீட்டு வழக்கப்படி என் கையைத் தொட்டார்.

புதுச் சட்டையோடு நைனா வெளியே வந்தார். "இன்னாடா முனுசாமி, எனக்கே தெரியாம செத்துட்டனா?"

முனுசாமி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நைனா அதைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டார். தெருவே சிரித்தது. எனக்கு அவமானமாகப் போயிற்று. "எங்கூட வந்துடு நைனா, அங்க உன்ன நல்லா பாத்துக்கறேன்" என்றேன், சம்பந்தமே இல்லாமல்.

நைனா நாற்காலியில் உட்கார்ந்தார். குரலில் கோபமில்லை. "நா இங்கதான் சாவேன். அன்னிக்கும் இதே பந்தலு, இதே சேருதான். நீ பிளேன் புடிச்சி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மடிச்சி வண்டில ஏத்தியிருப்பாங்க. இன்னிக்கே பாத்துக்கோ."

தெருமுனையில் இன்னும் நாலைந்து பேர் மாலையோடு எங்கள் பக்கம் திரும்பினார்கள். "போயி கேட்டாண்ட நில்லு" என்றார் நைனா. துக்க வீட்டில் மூத்த மகன் நிற்க வேண்டிய இடம். போய் நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.