இரண்டு கட்சி, ஒரே படகு

குழந்தைக்கு மூச்சிரைக்கும்போது, அது எந்தக் கட்சிக்காரர் வீட்டில் குடியிருக்கிறது என்று படகுக்காரர் பார்ப்பாரா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கொசுவலை வாங்குகிறேன். மாலையில் விமானம். அந்தமானில் ஒரு குட்டித் தீவுப் பள்ளியில் சென்ற மாதம் ஆசிரியராகச் சேர்ந்த கணவரிடம், நான்கு வயது மகளோடு போகிறேன். தீவின் பெயரைக் கேட்டதும் வலை விற்கும் சபீரா அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். அங்கேதான் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் இருந்தாராம்.

"வூடு யாருது?"

கணவர் வாடகைக்குப் பிடித்த வீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்; அதைக் காட்டுகிறேன். வாசலில் கட்சிக் கொடி.

"ஐயோ, இவங்களா! அங்க ரெண்டே கட்சி. கல்யாணச் சோறுகூட தனித்தனி."

"நாங்க எந்தக் கட்சியும் இல்லக்கா."

"அப்படி ஒரு கட்சி அங்க கெடையாது கண்ணு!" என்று சிரிக்கிறார். மகள் கையில் இன்ஹேலரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. "ஆஸ்பத்திரி பக்கத்துத் தீவுல கீது. எஞ்சின் படகு ஒருத்தர்கிட்டதான். அவரு எதிர்க்கட்சி."

உடனே கணவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கிறேன்.

"நேத்து ஓனர் வீட்டுக் கல்யாணத்துல நான்தான் பந்தி பரிமாறினேன். ஊரே பார்த்துச்சு!" என்கிறார் பெருமையாக.

சபீரா அக்கா தலையில் கைவைத்துக்கொள்கிறார். "முடிஞ்சுது போ. மெம்பராயிட்டாரு."

சின்னத் தீவுகளில் குழந்தையோடு வாழ்ந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வேறு வீடு பார்க்கச் சொல்லட்டுமா? இல்லை, இறங்கியதும் மகளைத் தூக்கிக்கொண்டு நேரே படகுக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கட்டுமா?