தணிகாசலம் அண்ணன் கட்டிக் கொடுத்த மூட்டை

நகரி பஸ் புத்தூர் ஸ்டேஷன் எதிரில் நின்றதும் கண்டக்டர் ஜன்னல் வழியாகவே என்னைக் கூப்பிட்டார். "கோவிந்து, ஒர்க்ஷாப் தணிகாசலம் பூட்டாருப்பா. காலைல டீ குடிச்சிக்கினு இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம்." நாங்கள் வாடகைக் கார் நிறுத்துகிற இடத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. இனி யார் மேல் கோபப்படுவது என்றுதான் தோன்றியது.

அவரிடம் கார் விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கிறது.

ஒரு அடைமழை நாளில் வடமாலபேட்டை தாண்டி என் காரின் அச்சு முறிந்தது. லாரிக்காரர் ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். நாளைக்கு வருவார் என்று நினைத்திருந்தால், மனிதர் அதே மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். சேற்றில் மல்லாந்து படுத்து வேலையை முடித்தார். கூலி என்று வாயெடுத்ததும் முறைத்தார். "நம்மாளு நடுரோட்ல நின்னுக்கினு இருந்தா எனக்கு சோறு எறங்குமா? போடா, போய் வண்டியை எடு." அன்றைக்கு எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணனாகவே ஆகிவிட்டார்.

எல்லைத் தகராறு நடந்த வருடங்களில், எங்கள் ஊர்களை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கப் போனோம். கார் என்னுடையது, பேச்சு அவருடையது. கடைசியில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. செய்தி வந்த அன்று ஒர்க்ஷாப்பில் அத்தனை டிரைவர்களும் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவர்தான் எழுந்து பேசினார். "கோடு எங்க போட்டா இன்னா? நம்மாளு நம்மாளாண்ட வந்துக்கினே இருந்தா போதும்பா." அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் திருப்பதி ஒர்க்ஷாப்புகளில் கால் வைக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் தெலுங்கர்கள், அது ஒன்றே காரணம். திருப்பதியில் கார் எப்படி முனகினாலும் நகரி வரை உருட்டிக்கொண்டு வந்து அவரிடம்தான் காட்டுவோம்.

அந்த மூட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரில் எதை மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைத் துணியில் முடிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார். "மாத்துனதைக் கண்ணுல காட்டாதவன் மெக்கானிக்கே இல்லை" என்பார். நாமும் அதை வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்வோம். யாராவது அவிழ்த்துப் பார்த்தோமா? அவர் முன்னால் முடிச்சில் கை வைத்தால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். வீட்டுக்குப் போய் அவிழ்க்கவும் மனம் வராது. அப்படி ஒரு மரியாதை.

சித்திரையில் பிரேக் லைனிங் புதிதாகப் போட்டேன் என்று சொல்லி ஒரு மூட்டை கொடுத்தார். மறுவாரம் ஒரு குடும்பத்தைத் திருமலைக்குக் கூட்டிப் போனேன். குழந்தைக்கு மொட்டை. இறங்கி வரும்போது நான்காவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். அது தரைப் பலகை வரை போயிற்று. கார் நிற்கவில்லை. சக்கரத்தில் இரும்பை இரும்பு ராவுகிற சத்தம். ஒரு பக்கம் பள்ளம், பின்சீட்டில் சந்தனம் பூசிய தலையோடு அந்தக் குழந்தை. "கோவிந்தா" என்று குழந்தையின் அம்மா கத்திக் கூப்பிட்டது சாமியையா என்னையா, தெரியாது. கியரைக் குறைத்து, காரை மலைப்பாறையோடு உரசி உரசி நிறுத்தினேன். கதவு பிய்ந்தது. உயிர்கள் பிழைத்தன.

கீழே இழுத்து வந்தபோது கண்ணில் பட்ட முதல் ஒர்க்ஷாப் ஒரு தெலுங்கருடையது. வேறு வழியில்லை, விட்டேன். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "யெவரு மார்ச்சாரு இதி?" என்றார். யார் மாற்றியது என்று கேட்கிறார். புதுசுதான், பழசு டிக்கியில் இருக்கிறது என்று சொல்லி, வீம்பாக மூட்டையைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே அவிழ்த்தேன். என் சக்கரத்தில் இருந்தது ரிவிட் தலை வரை தேய்ந்த அதே பழைய லைனிங், அண்ணன் மாற்றவே இல்லை. மூட்டையில் இருந்ததும் பழசுதான், ஆனால் ஒரு விரல் அகலம் அதிகம். யாருடைய காரிலிருந்து கழற்றியதோ. அந்த மனிதர் எதிரில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மூட்டையோடு நகரிக்குப் போனேன். அவர் மறுப்பார், வேலைக்காரர்கள் மேல் பழியைப் போடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மறுக்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னா பண்றது கோவிந்து, சாமான் கிடைக்கலை. தெலுங்குக்காரன் வண்டின்னா நோண்டி நோண்டிப் பாப்பான். அவனாண்ட இதெல்லாம் ஆவாது. நீ நம்மாளு, பாக்க மாட்டே."

அடப்பாவி! சந்தேகப்பட்டவனுக்கு நல்ல லைனிங், நம்பினவனுக்கு ஊரான் குப்பை. மலை வளைவில் நடந்ததைச் சொன்னேன். ஒரு கணம் முகம் வெளுத்தது. "ஒண்ணும் ஆவலை இல்ல?" என்று கேட்டுவிட்டுத் தோளில் கை போட்டு டீ வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

நேற்று அவருக்கு மாலை போட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது, அதுவும் நிறுத்த முடியாமல். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தவரும் இவர்தானே. அவர் மகன் என்னைப் பிடித்துக்கொண்டு, "நைனா எப்பவும் உங்களைத்தான் சொல்வாரு, கோவிந்து நம்மாளுன்னு" என்றான். அவனிடம் நான் எதைச் சொல்ல?

உங்கள் வீடுகளிலும் அவர் கட்டிக் கொடுத்த மூட்டைகள் இருக்கும். அவிழ்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என்னுடையது இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது, தூக்கி எறிய மனமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் இன்னொன்றும். யாராவது தோளில் கை போட்டு "நீ நம்மாளு" என்று சொன்னால், என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடுகிறது.