‘நல்லா இருக்கணும்’ என்பதற்கு ஆங்கிலம்

அப்பா சாலைக்குத் தார் போடும் வேலை பார்த்தவர். கொதிக்கும் தார் வலது காலில் கொட்டியதிலிருந்து அவரால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலைக்கு மாற்றினால் உண்டு. இல்லையென்றால் வேலை போய்விடும். கூடவே தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் இருந்த குவாட்டர்ஸ் அறையும் போய்விடும். மாற்றல் தாளில் வெள்ளைக்கார அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையும் அழைத்துப் போனார்.

“நான் சொல்றத அப்படியே சொல்லு. உன் சொந்தச் சரக்க சேக்காத” என்று பஸ்ஸிலேயே எச்சரித்தார்.

அப்போது ஊரில் எங்கு பார்த்தாலும் வேலைநிறுத்தம். அலுவலக வாசலில் போலீஸ்காரர் நின்றார். அதிகாரி அப்பாவின் காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு தலையசைத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்பா கைகூப்பினார். “ஐயா, நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ளைங்களும் நல்லா இருக்கணும்.”

எங்கள் வீட்டில் யாரும் நன்றி என்று சொல்லிக் கேட்டதில்லை. அது மேடையில் பேசுகிறவர்களின் சொல். ‘கணும்’ என்றால் ‘மஸ்ட்’ என்றுதான் நான் படித்திருந்தேன். அப்படியே சொன்னேன்: “யூ மஸ்ட் பி வெல். யுவர் சில்ட்ரன் ஆல்ஸோ மஸ்ட் பி வெல்.”

பேனா நின்றது. “இல்லாவிட்டால்?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். “என் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்கிறார்?”

வாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, எனக்குத் தெரிந்த சொல்தான். அந்த நேரத்தில் வரவில்லை.

“என்னடா கேக்குறாரு?”

“ஒண்ணுமில்லப்பா.”

“ஒண்ணுமில்லாததுக்கா பேனாவ மூடுறாரு?”

கதவருகே நின்ற மலாய்க்காரப் பியூனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அப்பாவின் கூப்பிய கைகள் இன்னும் இறங்கவில்லை. “தெரிமா காசே, துவான். நன்றி சொல்கிறார்” என்று மலாயில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். “யெஸ் சார், தேங்க்யூ சார், தேங்க்யூ” என்றேன். ஏன் முதலிலேயே அதைச் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் நடந்ததை மறைக்காமல் அப்பாவிடம் சொன்னேன்.

தாளில் முத்திரை வாங்க அடுத்த ஜன்னலுக்குப் போனோம். சீனக் குமாஸ்தா முத்திரை குத்தி நீட்டினார். அப்பாவின் கைகள் கும்பிடப் பாதி எழுந்து, இறங்கிவிட்டன. வேலையிடத்துச் சீனர்கள் நன்றிக்குச் சொல்லும் சொல்லை மெல்லச் சொன்னார்: “கம்சியா.”

குமாஸ்தா நிமிராமலே தலையாட்டினார்.

“இதுல ஒண்ணும் வில்லங்கம் இல்லையே?” என்று அப்பா என் காதருகே கேட்டார்.