ஓர் அங்குலம் குறைத்துத் தைத்தவர்

எங்கள் தெரு டெய்லருக்கு ஐம்பது வயது தாண்டும் வரை தனக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவிலேயே இல்லை. காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும். கடை மாடியில் இருந்தது. ஒருநாள் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கிய சத்தம் கேட்டு, மேலே பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி, யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

டாக்டர் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"ஊர்ல இருக்கிற இடுப்பையெல்லாம் அளக்கறீங்களே, உங்க இடுப்பை என்னைக்காவது அளந்து பார்த்தீங்களா?"

கடைக்கு வந்து அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

மறுநாளே ஆள் மாறிவிட்டார். விடிந்ததும் நடை. டீக்குச் சர்க்கரை கிடையாது. தட்டில் பாதிக்குக் காய்கறி. இருட்டியதும் சாப்பாடு, உடனே படுக்கை. சில மாதங்களில் வயிறு வடிந்து, படியில் விசிலடித்துக்கொண்டே ஏறினார்.

அதோடு விட்டிருக்கலாம். அளவு கொடுக்க வந்தவர்களிடம், "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறீங்க?" என்று கேட்காமல் காலர் அளவு எடுக்க மாட்டேன் என்றார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, நேரே கீழே பேக்கரிக்குள் நுழைந்தார்கள். மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. பேண்ட்டுகளை இடுப்பில் ஓர் அங்குலம் குறைத்துத் தைக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, இது அளவுல இல்லையே?" என்றாள் மனைவி.

"பேண்ட் இறுக்கிப் பிடிச்சா மனுஷன் தானா நடப்பான். நல்லதுக்குத்தான்."

"உங்களை யாரு டாக்டர் வேலை பார்க்கச் சொன்னது?"

மாட்டிக்கொண்டது அவள் தம்பி. பஸ் டிரைவர். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக அவனுக்கு விழாவில் கேடயம் தருவதாக இருந்தார்கள். புது பேண்ட்டை விழா அன்று சாயங்காலம்தான் டெய்லரிடம் வாங்கிப் போனான். மாற்ற நேரமில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கியை மாட்டினான். மேடையில் கேடயம் கைக்கு வந்ததும், மரியாதைக்காகக் கொஞ்சம் குனிந்தான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் கிழிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. போட்டோவில் மற்ற டிரைவர்களெல்லாம் கேடயத்தை மார்போடு அணைத்திருக்க, இவன் மட்டும் இரண்டு கையாலும் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அன்றைக்கே படியேறி வந்தான், சட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டு. வாசலிலேயே அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"மாமா, என் ஆயுசு கெட்டியா இருக்கணும்னு என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

டெய்லர் மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான் தைச்சேன்டா. உன் வண்டி நல்லா ஓடுது, நீதான் ஓடமாட்டேங்கறே" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

மனைவி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். "இனிமே சொன்ன அளவுக்குத் தைங்க. அவன்மேல அவ்வளவு அக்கறைன்னா காலையில அவனை எழுப்பிக் கூட்டிட்டு நடங்க. டேய், நீயும் போ. ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்க நானும் வரேன்."

குறைத்துத் தைத்த பேண்ட்டையெல்லாம் திரும்ப வாங்கிப் பிரித்துத் தைத்து முடிப்பதற்குள் டெய்லருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதற்கிடையே, அந்தச் சண்டைக்கு மறுநாளிலிருந்தே மூவரும் பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். முதல் சுற்றிலேயே தம்பி பெஞ்சைத் தேடினான். டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடுவது எப்படி என்று விளக்கினார். பேச்சு சுவாரசியத்தில், மனைவி தங்களைக் கடந்து இரண்டாம் முறை போவதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை கவனித்தார். சேலையைச் செருகிக்கொண்டு, கையை வீசி வீசிப் போய்க்கொண்டிருந்தாள். தன்னோடு சேர்ந்து இவளும் இத்தனை வருஷமாக உட்கார்ந்தே இருந்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊரையெல்லாம் கேட்டவர், இவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நில்லும்மா, நானும் வரேன்!"

"நிக்கிறதுக்கா வந்தோம்?" என்று திரும்பாமலே போனாள்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அக்கா நம்ம ரெண்டு பேரையும் மேலே வழியனுப்பி வச்சுட்டுத்தான் போவா போலிருக்கு."

"வாயை மூடிட்டு எழுந்திருடா" என்று டெய்லர் எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.